மூட்டெல்லாம் சொடக்கு சத்தம் வருது, பாதத்துல கை வச்சாலே வலிக்குது, என்ன நோயா இருக்கும்?

நீங்களும் நாள் முழுக்க நின்னுட்டே பாக்குற வேலைலதான் இருப்பீங்கன்னு நினைக்கிறேன். நான் ஜவுளிக்கடை, சேலை செக்‌ஷன். டாக்டர் இல்ல, அதனால டாக்டருங்க யாராவது படிச்சா சண்டைக்கு வராதீங்க, எனக்கு நடந்தத சொல்றேன் அவ்ளோதான்.

சத்தத்த விடுங்க. மூட்டுக்குள்ள இருக்குற திரவத்துல காத்துக் குமிழி உண்டாகுறதுதான் அந்த சொடக்கு, சில சமயம் தசைநார் எலும்பு மேல நழுவுறது. டொனால்ட் உங்கர்னு ஒரு அமெரிக்க டாக்டர் 60 வருஷத்துக்கு மேல ஒரு கையில மட்டும் நெட்டி முறிச்சு இன்னொரு கைய சும்மா விட்டு பாத்தாரு, ரெண்டுலயும் மூட்டுவாதம் வரல, 2009ல இக் நோபல்னு கிண்டல் பரிசு கூட குடுத்தாங்க. வலி வீக்கம் இல்லாம வெறும் சத்தம்னா கண்டுக்க வேணாம். உங்க கேள்வில எனக்கு பக்குன்னு ஆனது பாதம்தான்.

எனக்கு காலைல எந்திரிச்சு கால கீழ வச்சா, விரலுக்கு கீழ இருக்குற மேடு கூழாங்கல்லு மேல நிக்கிற மாதிரி இருக்கும். கை விரலும் மடங்காது, பால் பாக்கெட் வெட்டக்கூட பக்கத்துல ஆள் வேணும், சமையல் முடியிற நேரத்துக்குதான் கொஞ்சம் தளரும். மாமியார் வாயுன்னாங்க, பக்கத்து வீட்டக்கா கால்சியம் பத்தலன்னாங்க, கடை சூப்பர்வைசர் உடம்பு வணங்கலன்னாரு. முடக்கத்தான் தோசை இன்னைக்கும் சாப்பிடுறேன், சித்த வைத்தியத்த குறை சொல்றேன்னு யாரும் கிளம்பாதீங்க, ஆனா வீக்கம் அதுல குறையல. ஒரு டாக்டர் தேய்மானம், வெயிட்ட குறைங்கன்னு வலி மாத்திரை எழுதுனாரு, கால தொட்டுக்கூட பாக்கல. அப்புறம் போன மூட்டுவாத டாக்டரம்மாதான் பாதத்த விரல் பக்கமா ரெண்டு சைடும் சேத்து ஒரு அமுக்கு அமுக்குனாங்க, கத்திட்டேன். ஆர்ஏ ஃபேக்டர்னு மூட்டுவாதத்துக்கு எடுக்குற ரத்த டெஸ்ட் நெகட்டிவ்தான் வந்துச்சு, ஆனா அது நெகட்டிவ்னா நோயே இல்லன்னு அர்த்தம் கிடையாதாம், ஆன்ட்டி சிசிபின்னு இன்னொரு ரத்த டெஸ்ட் பாசிட்டிவ். முடக்குவாதம், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்ட தாக்குற நோய். மெத்தோட்ரெக்சேட்னு மாத்திரை, வாரத்துக்கு ஒரே நாள், கூட ஃபோலிக் ஆசிட், அப்பப்ப ரத்த டெஸ்ட். கேன்சர் மருந்தாச்சேன்னு பயமுறுத்துவாங்க, அதுக்கும் குடுக்குறதுதான், இதுக்கு டோஸ் ரொம்ப கம்மி. அதுக்காக நீங்களா வாங்கி போட்டுறாதீங்க, தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து, கர்ப்பமா இருக்கவங்க தொடவே கூடாது.

உங்களுக்கும் இதேதான்னு சொல்ல மாட்டேன். குதிகால் மட்டும் வலிச்சு, காலைல நாலு அடி நடந்ததும் குறையுதுன்னா அடிப்பாதத்து தசைநார் பிரச்சனையா இருக்கும், எங்க கடைல நிறைய பேருக்கு அதான். கால் கட்டைவிரல் திடீர்னு ராத்திரில செவந்து வீங்கி போர்வை பட்டாலே உயிர் போகுதுன்னா ரத்தத்துல யூரிக் ஆசிட் ஏறுனதா இருக்கும். எரிச்சல், மதமதப்புன்னா சுகர் இல்ல பி12 பாக்கணும், சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போடுறவங்களுக்கு பி12 குறையலாம். தைராய்டு, விட்டமின் டி குறைவுலயும் வலி வரும், சிக்குன்குனியா வந்துட்டுப் போனா மாசக்கணக்குல இழுக்கும். ஒரே ஒரு மூட்டு சூடா வீங்கி காய்ச்சலும் இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க. மத்தபடி காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல இருக்கா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிக்குதா, இத டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லிடுங்க.

கேட்டதுக்கு சம்பந்தம் இல்லதான், இருந்தாலும் சொல்றேன். கடைல வேலை பாக்குறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு தமிழ்நாட்ல 2021ல சட்டமே போட்டாங்க. எங்க கடைலயும் ஸ்டூல் வாங்குனாங்க, கவுன்ட்டருக்கு அடியில கிடக்கு, உக்காந்தா மைக்ல பேர் சொல்லி கூப்புடுவாங்க. டாக்டர் லெட்டர் குடுத்தேன், குடோனுக்கு மாத்திட்டாங்க, அங்க உக்காரலாம், ஆனா கமிஷன் கிடையாது. தீபாவளி சீசன்னா மட்டும் திரும்ப சேலை செக்‌ஷனுக்கே வரச் சொல்றாங்க.