மட்டக்களப்பிலிருந்து வானூர்திப் பயணம்: தூரமும் நேரமும் பற்றிய கேள்வி பதில்

ஏறாவூர்: கொழும்பிலிருந்து டோஹாவுக்குச் செல்லும் என் மகனின் பயணச்சீட்டில் புறப்பாடு அதிகாலை 4.00, வருகை காலை 6.30 என்றுள்ளது. இரண்டரை மணித்தியாலத்தில் போய்விடலாமா ஐயா?

பதில்: இல்லை அம்மா. சீட்டிலுள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். கட்டார் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், அங்கே 6.30 ஆகும்போது ஏறாவூரில் 9.00 ஆகிவிடும். 3,600 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அத்தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் வேண்டும். ஆறரைக்கே தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பதறாதீர்கள்.

களுவாஞ்சிகுடி: சீட்டில் 14ஆம் திகதி 00.45 என்றுள்ளது. எப்போது வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும்?

பதில்: 13ஆம் திகதி நண்பகலில். நள்ளிரவு தாண்டியதும் திகதி மாறிவிடுகிறது என்பதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. என் சித்தி 14ஆம் திகதி இரவு, மகளுக்கென்று வறுத்து இடித்த மிளகாய்த்தூளை மடியில் வைத்தபடி, அன்று அதிகாலையிலேயே பறந்துவிட்ட வானூர்திக்காகக் கட்டுநாயக்கவில் காத்திருந்தார். உங்கள் ஊரிலிருந்து வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. வாகனத்தில் ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கும். ஹபரணைப் பக்கம் இருட்டிய பின் யானைகள் வீதிக்கு வரும். மூன்று மணித்தியாலம் முன்னதாக வானூர்தி நிலையத்தில் நிற்கவும் வேண்டும்.

ஆரையம்பதி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஆகவே மேற்கே இலண்டனுக்குச் செல்லும் வானூர்தியை நோக்கி இலண்டனே வருகிறது. போகும் பயணந்தானே குறுகியதாக இருக்க வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி, ஐயா. ஆயினும் காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. ஓடும் பேருந்துக்குள் பறக்கும் நுளம்பு பின்கண்ணாடியில் போய் மோதுவதில்லையே.

அதே ஆசிரியர்: அவ்வாறாயின் போகவும் வரவும் ஒரே நேரமல்லவா ஆக வேண்டும்? இலண்டனிலிருந்து என் தம்பி விரைவாக வந்துசேர்கிறாரே?

பதில்: அதற்குக் காரணம் காற்று. ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில், நமக்கு வடக்கேயுள்ள நிலப்பரப்புகளின் மேல், மேற்கிலிருந்து கிழக்காக வலிய காற்றோட்டம் ஒன்று வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் கூடும். முகத்துவாரம் வெட்டுண்டு வாவி நீர் கடலுக்கு ஓடும் நாளில் தோணி விட்டவருக்கு இது விளங்கும்: நீரோடு போகையில் துடுப்பைத் தொட்டாலே போதும், எதிர்த்து வருகையில் தோள் கழன்றுவிடும், கரைக்கும் கரைக்கும் இடையிலான தூரமோ மாறவில்லை. ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர் கொண்ட இப்பாதையில் போகும்போது பதினொரு மணித்தியாலமளவில் ஆகும். வரும்போது அரை மணித்தியாலமாவது குறைவது வழக்கம்.

அக்கரைப்பற்று: ஆசிரியர் சொல்வதே சரி. உலங்குவானூர்தி அந்தரத்தில் அப்படியே நின்றால் கீழே ஊர் நகராதா?

பதில்: நகராது, தம்பி. அந்தரத்தில் நிற்கும் உலங்குவானூர்தியும் சுழலும் காற்றுக்குள்ளேயே நிற்கிறது. நகருமென்றால், நின்ற இடத்தில் துள்ளும் ஒருவர் சில நூறு மீற்றர் தள்ளியல்லவா விழ வேண்டும்?

கல்முனை: சென்னைக்கு எவ்வளவு நேரம்?

பதில்: கட்டுநாயக்கவிலிருந்து நேர்கோட்டில் 650 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இறங்கலாம். கல்முனையிலிருந்து கட்டுநாயக்க போய்ச் சேர்வதே நீண்ட பயணம்.

வாழைச்சேனை: துபாய் சீட்டில் 4.00 புறப்பாடு, 7.00 வருகை. மூன்று மணித்தியாலமா?

பதில்: முதற் பதிலை வாசியுங்கள். துபாய்க்கு வேறுபாடு ஒன்றரை மணித்தியாலம், கூட்டிக்கொள்ளுங்கள்.

காத்தான்குடி: விசா எத்தனை நாளில் கிடைக்கும்?

பதில்: அது என் துறையன்று, உரிய தூதரகத்தில் கேளுங்கள்.

செங்கலடி: 20ஆம் திகதி 01.10க்குப் பயணம். 20ஆம் திகதி காலையில் புறப்பட்டால் போதுமா?

பதில்: போதாது. 19ஆம் திகதி நண்பகலில் புறப்படுங்கள், தயவுசெய்து இன்றே வாகனக்காரரிடம் திகதியைத் திருத்திச் சொல்லுங்கள்.