சோம்பேறித்தனமா, நோயா?

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்குவதில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே முழித்து உட்கார்ந்துகொள்கிறார், பிள்ளைகளிடம்கூடப் பேச்சில்லை. மாமியார் மந்திரிக்கலாம் என்கிறார். மனநல டாக்டரிடம் போனால் ஊரில் பைத்தியம் என்பார்களே?
– வாசகி, குடியாத்தம்

பதில்: ஊர் எதற்குத்தான் பேசவில்லை, விடுங்கள். நீங்கள் சொல்வதில் சோம்பேறித்தனம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு என்று எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும், தைராய்டு கோளாறு கூட இப்படிக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தரலாம். அத்தை மனசுக்கு மந்திரித்துக்கொண்டு வாருங்கள், ஆனால் அதற்காக டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலூர் பக்கத்தில் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போகலாம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது 1950-களிலிருந்தே அங்கே வழக்கம், அதனால் நீங்களும் கூடவே போங்கள். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், அப்புறம் நன்றாகிவிட்டது என்று அவராக நிறுத்திவிடக் கூடாது.

ஒன்று மட்டும் இன்றே செய்யுங்கள். "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 14416 மனநல உதவிக்கான அரசின் இலவச எண், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.