எம்.எஸ். நோய்க்கு ஸ்டெம் செல் டிரிப்: இபிஎஃப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு வயது 27. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்பு இடது கண் மங்கியது, ஒரு மாதத்தில் தானாகச் சரியானது. போன வருடம் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் நடக்கவே சிரமப்பட்டாள். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (எம்.எஸ்.) என்றார்கள், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோயாம். இப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரிட்டுக்ஸிமாப் ஏற்றுகிறார்கள். அது புற்றுநோய் மருந்து என்று இணையத்தில் போட்டிருக்கிறது. தெரிந்தவர் மூலம் வந்த ஓர் ஏஜண்ட், ஸ்டெம் செல்லை (வேறு செல்களாக வளரக்கூடிய மூலச் செல்லை) மூன்று தடவை டிரிப்பில் ஏற்றினால் நோய் வேரோடு போய்விடும், அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள் என்கிறார். 80,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். 2,000 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியை 55 வயதில் எடுத்து வைத்த என் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்திலிருந்து கட்டலாமா? அவளுக்குக் கல்யாணம் பேசலாமா என்பதும் புரியவில்லை. (ஒரு தந்தை, பிறை)

பதில்: ஐயா, அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். மகளுடைய அடுத்த ரிட்டுக்ஸிமாப் தேதியையும் ஏஜண்ட் பேச்சைக் கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள். 80,000 வெள்ளி போவதைவிடப் பெரிய நஷ்டம் அதுதான்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளைப் பார்த்தேன். இந்த மாதிரித் தாள்களை நோயாளிகளின் பிள்ளைகளும் அப்பாக்களும் பிளாஸ்டிக் ஃபைலில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்து என் மேசையில் விரிப்பார்கள். பளபளப்பான காகிதம். மேலே ஓர் அமெரிக்க மருத்துவ இதழின் பெயர், 2019 என்ற வருடம். கீழே ஒரு படம்: சாய்வு நாற்காலியில் ஓர் அம்மா புன்னகையோடு படுத்திருக்க, கையில் டிரிப் இறங்குகிறது. அந்தப் படத்தில் அவருடைய கூந்தலைக் கவனியுங்கள். அடர்த்தியாக, அழகாக இருக்கிறது. மேலே சொல்லியிருக்கும் ஆராய்ச்சிக்கும் கீழே விற்கும் சரக்குக்கும் தொடர்பில்லை என்று கண்டுபிடிக்க அந்தக் கூந்தலே போதும்.

2019-இல் வெளிவந்த ஆராய்ச்சி உண்மையானது. 110 எம்.எஸ். நோயாளிகளைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான மருந்துகளும் மறுபாதிக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையும் கொடுத்தார்கள். மருந்து வாங்கியவர்களில் 34 பேருக்கு உடல் இயக்கம் மேலும் மோசமானது. மாற்று சிகிச்சை பெற்றவர்களில் 3 பேருக்குத்தான் அப்படி ஆனது. பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே செய்தது என்ன? நோயாளியின் ரத்தத்திலிருந்து அவருடைய ஸ்டெம் செல்களை முதலில் எடுத்து உறைய வைத்தார்கள். பிறகு கடுமையான கீமோதெரப்பி கொடுத்து, தன் நரம்பையே தாக்கிக்கொண்டிருந்த நோய் எதிர்ப்புப் படையை அழித்தார்கள். அதன் பிறகுதான் எடுத்து வைத்த செல்களைத் திருப்பி ஏற்றினார்கள். அங்கே நோயை அடக்கியது கீமோ. ஸ்டெம் செல், கீமோவால் காலியான எலும்பு மஜ்ஜை மறுபடி ரத்தம் உண்டாக்குவதற்காகத் திருப்பிக் கொடுத்தது. அது நரம்பைத் தைத்துக் கொடுக்காது. இந்தச் சிகிச்சையில் முடி கொட்டும். ரத்தநோய்ப் பிரிவில் தனியறையில் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். கருத்தரிக்கும் சக்தி போகலாம், கிருமித் தொற்றில் உயிர்கூடப் போகலாம். அந்த ஆபத்து முன்பைவிடக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் ஏஜண்ட் விற்பது வேறு. கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த மீசன்கைமல் செல் என்ற வேறு வகை ஸ்டெம் செல்லை, கீமோ எதுவும் இல்லாமல், ஒரு மதியத்தில் டிரிப்பில் ஏற்றி மாலையில் வீட்டுக்கு அனுப்புவார்கள். இந்த வகைச் செல்லையும் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து, 9 நாடுகளில் 144 நோயாளிகளுக்குக் கொடுத்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த புதிய வீக்கப் புள்ளிகளில், செல் ஏற்றியவர்களுக்கும் வெறும் போலி டிரிப் ஏற்றியவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அந்த முடிவு எந்த விளம்பரத் தாளிலும் வராது.

சரி, அப்படியென்றால் குணமானவர்கள் வீடியோவில் பேசுகிறார்களே என்று கேட்பீர்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகளுக்கு இருப்பது வந்து வந்து போகும் வகை எம்.எஸ். நரம்பு உறையில் வீக்கம் வரும், கண் மங்கும், கால் மரக்கும். சில வாரங்களில் வீக்கம் வடியும், பெரும்பகுதி சரியாகும். முதல் தடவை கண் தானாகத் தெளிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு மாதத்துக்குள் யாராவது டிரிப் ஏற்றியிருந்தால், இன்றைக்கு அந்த வீடியோவில் நீங்கள்தான் கையெடுத்துக் கும்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பீர்கள். வெயிலும் இதில் விளையாடும். உடல் சூடானால் பழைய கோளாறு சில மணி நேரம் தலைகாட்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறி இறங்கியதும் கண் மங்கிவிட்டது என்று பதறிக்கொண்டு வருபவர்கள் உண்டு. நிழலில் உட்கார்ந்து உடல் குளிர்ந்தால் சரியாகிவிடும், அது புதுத் தாக்குதல் அல்ல. காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இந்த ஏற்ற இறக்கம்தான் ஏஜண்டுகளின் மூலதனம். நாக்குக்கு அடியில் கொட்டச் சொல்லி சாஷேயில் ஸ்டெம் செல் தூள் விற்கும் நேரடி விற்பனைக் கூட்டமும் இதையே நம்பிப் பிழைக்கிறது. ஆப்பிளிலிருந்து எடுத்த செல்லாம். ஆப்பிளையே சாப்பிட்டுவிடலாம், மலிவு.

பலன் இல்லாவிட்டால் பணம்தானே போகும் என்றும் நினைக்காதீர்கள். பக்கவாதத்துக்காக சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளுக்குப் போய் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட ஓர் அமெரிக்கருக்கு முதுகுத்தண்டில் கட்டி வளர்ந்ததை 2016-இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். கட்டியில் இருந்தது பெரும்பாலும் அவருடைய செல்லே அல்ல, வேறு யாருடையதோ. டிரிப் ஏற்றிக்கொண்ட பிறகு காய்ச்சல் வந்தால் ஏஜண்டின் கைப்பேசி அணைந்திருக்கும். நள்ளிரவில் நீங்கள் வந்து நிற்பது பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவில்தான். என்ன ஏற்றினார்கள் என்று நாங்கள் கேட்டால் உங்கள் கையில் இருப்பது அந்தப் பளபளப்புக் காகிதம் மட்டுமே.

ஆக, உண்மையான மாற்று சிகிச்சை யாருக்கு? இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏஜண்ட் நுழைவது இந்த இடைவெளியில்தான். வயது குறைவாக இருக்க வேண்டும். நோய் வந்து பல வருடங்கள் ஆகியிருக்கக் கூடாது. வந்து போகும் வகையாக இருக்க வேண்டும். ரிட்டுக்ஸிமாப் போன்ற வலுவான மருந்தை ஒழுங்காக எடுத்தும் புதுத் தாக்குதல்கள் வர வேண்டும், எம்.ஆர்.ஐ.யிலும் புதுப் புள்ளிகள் தெரிய வேண்டும். நடை இன்னும் முழுதாகப் போயிருக்கக் கூடாது. இவை எல்லாம் ஒன்றாகப் பொருந்தும் சிலருக்கு, நரம்பியல் மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள். சக்கர நாற்காலிக்குப் போய்ப் பல வருடங்கள் ஆனவருக்கு இது உதவாது, அவருக்கு ஆபத்து மட்டும் மிஞ்சும். வினோதம் என்னவென்றால், ஏஜண்டுகள் முதலில் தேடிப் போவது அவர்களைத்தான். உங்கள் மகளுக்கு மருந்து தொடங்கியே ஒரு வருடம்தான் ஆகிறது. மருந்து தோற்றுவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. தோற்றால் அன்றைக்கு இந்தக் கேள்வியை அவளுடைய மருத்துவரிடம் கேளுங்கள், விளம்பரத் தாளிடம் கேட்காதீர்கள். கீமோவும் ரத்தநோய் மருத்துவரும் இல்லாத இடத்தில் நடப்பது அந்த 2019 சிகிச்சை அல்ல. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி புற்றுநோய் மருந்து என்ற பயம். ரிட்டுக்ஸிமாப் 1997-இல் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்காக வந்தது உண்மை. அது செய்யும் வேலை, பி செல் எனப்படும் ஒரு வகை வெள்ளணுவைக் குறைப்பது. எம்.எஸ்.ஸில் நரம்பைத் தாக்கத் தூண்டிவிடுவதும் அதே பி செல்தான். அதனால் மகளுக்குப் புற்றுநோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இதே பி செல்லைக் குறிவைத்து எம்.எஸ்.ஸுக்கென்றே செய்த ஓக்ரெலிஸுமாப் 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். சுவீடனில் ரிட்டுக்ஸிமாபை ஒரு மாத்திரையோடு ஒப்பிட்டு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வருடத்தில் மறு தாக்குதல் வந்தவர்கள் ரிட்டுக்ஸிமாப் பக்கம் 3 விழுக்காடு, மாத்திரை பக்கம் 16 விழுக்காடு. 2023-இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்காகவே இதைச் சேர்த்தது.

அப்படியிருந்தும் பெட்டிக்குள் இருக்கும் தாளில் எம்.எஸ். என்ற பெயர் இல்லை. காப்புரிமை முடிந்துபோன மருந்துக்குப் புதிதாக ஒரு நோயைப் பதிவு செய்து எந்தக் கம்பெனிக்கும் லாபம் கிடையாது. ஆகவே எங்களைப் போன்றவர்கள் சிறப்பு அனுமதிக்குப் படிவம் நிரப்புகிறோம், ஒதுக்கீடு வருமா என்று பார்க்கிறோம், மறுபடியும் நிரப்புகிறோம். உலகமே ஒத்துக்கொண்ட மருந்துக்கு நாங்கள் கையெழுத்துக்காக அலைகிறோம். எவரும் ஒத்துக்கொள்ளாத டிரிப்பை ஏஜண்ட் காப்பிக் கடையில் உட்கார்ந்து முன்பணம் வாங்கிக்கொண்டு விற்கிறார். இது என்ன நியாயம்?

மகளுக்கு அந்த மருந்து தொடரும் காலத்தில் காய்ச்சல் வந்தால் பாரசெட்டமோல் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது, அன்றே காட்ட வேண்டும். மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி உடலில் ஒளிந்திருந்தால் இந்த மருந்தில் விழித்துக்கொள்ளும். முதல் டோஸுக்கு முன்பு அந்தப் பரிசோதனை செய்திருப்பார்கள், முடிவைக் கேட்டு வாங்கி வையுங்கள். இன்னொரு பரிசோதனையையும் கேளுங்கள்: அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள். கண்ணையும் முதுகுத்தண்டையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோய் எம்.எஸ். போலவே வேடம் போடும், நம் பக்கத்து நாடுகளில் அரிதும் அல்ல. 2004-இல் இந்த எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்கும் வரை இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைத்தார்கள். எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்றவை அந்த நோயை மோசமாக்கும். உங்கள் மகளுக்குக் கண் மங்கியதோடு, முதுகுத்தண்டு பாதித்தால் வருவதுபோல இடுப்புக்குக் கீழே மரத்தும் போனதால் சொல்கிறேன். ரிட்டுக்ஸிமாப் இரண்டுக்குமே பயன்படும் என்பதால் பதற வேண்டியதில்லை.

ஏஜண்டுகள் சொல்லும் மற்ற 'புதுக் கண்டுபிடிப்புகள்' பற்றிச் சுருக்கமாக. எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கும் எம்.எஸ்.ஸுக்கும் உள்ள தொடர்பு, அமெரிக்க ராணுவத்தினரின் ரத்தத்தை வைத்துச் செய்த ஆய்வில் 2022-இல் உறுதியானது. ஆனால் அந்த வைரஸ் ஏறக்குறைய நம் எல்லோருக்கும் தொற்றியதுதான், மகளுக்கு அதற்கென்று இன்று தனிச் சிகிச்சை இல்லை. டோலிபுரூட்டினிப் என்ற மாத்திரை, தாக்குதல் எதுவும் இல்லாமல் மெல்ல மெல்ல மோசமாகும் கட்டத்தில் சரிவைத் தாமதப்படுத்துகிறது என்று 2024-இல் காட்டினார்கள். கல்லீரலைப் பாதிக்கும் சிக்கலும் கூடவே வந்தது. உங்கள் மகள் அந்தக் கட்டத்தில் இல்லை. சிதைந்த நரம்பு உறையைத் திரும்ப வளர்ப்பது இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கிறது. அதை யாராவது இன்றைக்கே விற்றால் கேட்டைச் சாத்திவிடுங்கள். 'நாங்கள் ஆராய்ச்சியாகச் செய்கிறோம்' என்று சொன்னால், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் என்ன என்று கேளுங்கள். முறையான ஆய்வு நோயாளியிடம் 80,000 வெள்ளி வாங்காது.

கல்யாணம் பேசலாம். பிள்ளையும் பெறலாம். எம்.எஸ். தொற்று நோய் அல்ல, பரம்பரைச் சொத்தாக அப்படியே இறங்குவதும் அல்ல. மருந்து ஏற்றும் மாதத்தையும் கருத்தரிக்கும் மாதத்தையும் மருத்துவர் சேர்த்துத் திட்டமிட வேண்டும், அதனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல் முதலில் உங்கள் மகளே தன் மருத்துவரிடம் போய்ப் பேசட்டும். அவள் 27 வயதுப் பெண், இந்தக் கடிதம் எழுதியது அவளுக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

காப்புறுதி ஏதாவது இருந்தால் பாருங்கள். நம் நாட்டின் 36 கடும் நோய்கள் பட்டியலில் எம்.எஸ். இருக்கிறது. ஆனால் பாதிப்பு குறைந்தது ஆறு மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், தாக்குதல் வந்து போன வரலாறும் எழுத்தில் இருக்க வேண்டும். கண் மங்கிய தேதி, கால் மரத்த தேதி, எந்தக் கிளினிக்கில் காட்டினீர்கள் என்பதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, எம்.ஆர்.ஐ. அறிக்கைகளின் நகலோடு சேர்த்து வையுங்கள்.

அந்த 2,000 வெள்ளி. ரசீது இருந்தால் வாட்ஸ்அப்பில் பேசாமல் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். கூடவே ஏற்றப்போகும் செல்லின் பெயர், மலேசிய மருந்துப் பதிவு எண், கிளினிக்கின் உரிம எண், டிரிப் போடும் மருத்துவரின் முழுப் பெயர் ஆகியவற்றையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் விளம்பரத் தாளோடு மாநிலச் சுகாதார இலாகாவில் தனியார் மருத்துவ நிலையங்களைக் கண்காணிக்கும் பிரிவில் புகார் கொடுங்கள். அதற்கு வக்கீல் வேண்டாம், பணமும் செலவில்லை. 'நான் முடித்துத் தருகிறேன்' என்று இன்னொரு ஏஜண்ட் வந்தால் அவரிடமும் கொடுக்காதீர்கள்.