சிந்த் பழகணும் அண்ணாச்சி: கேள்வி பதில்

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் என் பட்டறை மேசை மேல் நாலு சின்ன சிந்தசைசரை (மின்சாரத்தால் சத்தத்தையே உருவாக்கும் கருவி, சுருக்கமாகச் சிந்த்) பரப்பி வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவர்கள் கேட்டது, வர முடியாதவர்கள் எழுதி அனுப்பியது என்று கேள்விகள் குவிந்துவிட்டன. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் இருபது வருசம் கோயில் கொடை விழாக்களுக்கு மைக் செட் போட்டவன். இப்போது கீபோர்டு, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர். முறையாகச் சங்கீதம் படித்தவன் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அண்ணாச்சி, பிளஸ் ஒன் படிக்கேன். வீட்டில் கீபோர்டு வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். கடையில் 500 டோன், 150 ஸ்டைல் உள்ள ஒன்றைக் காட்டினார்கள். அது போதுமா? (மேலப்பாளையம்)

பாட்டு வாசிக்கப் போதும் தம்பி. மின்னணு இசை பழக அது உதவாது. அந்த 500 டோனும் யாரோ செய்து உள்ளே அடைத்து வைத்தது. ஸ்டைல் பட்டனை அமுக்கினால் கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ரா ஓட ஆரம்பித்துவிடும். நீ எழுந்து சாப்பிடப் போனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நீ தேட வேண்டியது, மேல் பலகை முழுக்க நாப், அதாவது திருகு குமிழ், இருக்கிற சின்னப் பெட்டி. கோர்க் கம்பெனியின் வோல்கா வரிசை 2013இல் வந்தது. சுவர்க் கடிகாரத்தில் போடும் அதே செல் ஆறு போட்டால் ஓடும். டீனேஜ் எஞ்சினியரிங்கின் பாக்கெட் ஆபரேட்டர் இன்னும் சின்னது, பார்த்தால் உறை கழற்றிய கால்குலேட்டர் மாதிரி இருக்கும். ரிமோட்டில் போடும் செல் இரண்டு போதும். பழையது கிடைத்தால் தாராளமாக வாங்கு. ஆனால் காசு கொடுக்கும் முன்னால் ஒவ்வொரு நாப்பையும் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மெதுவாகத் திருகிப் பார். நடுவில் சத்தம் கரகரத்தாலோ தாவினாலோ விலையைக் குறைத்துக் கேள்.

காசே இல்லையென்றால், வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் விசிவி ரேக் என்கிற சிந்த் மென்பொருள் இலவசம், வைட்டல் என்கிற சிந்துக்கும் இலவசப் பதிப்பு உண்டு. மவுஸால் நாப் திருகிக் கை பழகாது என்பதுதான் என் வருத்தம். கம்ப்யூட்டர் சிந்தைக் கையால் இயக்க உதவும், நாப் வைத்த பழைய மிடி கன்ட்ரோலர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி மாட்டிக்கொள்.

தம்பி, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது 61. பேரனுடைய பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். நாப்புக்குப் பக்கத்தில் எழுதியிருப்பது ஒன்றும் விளங்கவில்லை. இந்த வயதில் முடியுமா? (அம்பாசமுத்திரம்)

முடியும் ஐயா. நாலு சொல் தெரிந்தால் பெட்டியில் பாதி புரிந்துவிடும். ஆசிலேட்டர் என்பது சத்தம் பிறக்கிற இடம். அதிலே பல் பல்லாக வரைந்திருக்கும் ரம்பம் போன்ற அலையை வையுங்கள். எல்லா மேல்சுரங்களும் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் அதன் மடங்குகள்) அதில் இருப்பதால் காதை அடைக்கும். சதுர அலையில் ஒற்றைப்படை மேல்சுரங்கள் மட்டும், அதனால் குழாய்க்குள் ஊதியது போல் உள்ளீடற்றுக் கேட்கும். ஃபில்டர் அந்த மேல்சுரங்களைச் சீவுகிறது. 'கட்ஆஃப்' என்று எழுதிய நாப்பை இடப்பக்கம் திருகிக்கொண்டே போங்கள். பக்கத்துத் தெருக் கொடையின் குழாய் ஸ்பீக்கர் சத்தம், நம் வீட்டுக் கதவைச் சாத்தியதும் 'தும் தும்' என்று மட்டும் கேட்கும் பாருங்கள், அதேதான்.

மூன்றாவது என்வலப், சத்தம் எழுந்து அடங்குகிற விதம். இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். நாலு நாப்: அட்டாக் (சத்தம் எழுவது), டீக்கே (உச்சத்திலிருந்து இறங்குவது), சஸ்டெய்ன் (கட்டையை அமுக்கியிருக்கும்வரை நிற்பது), ரிலீஸ் (விரலை எடுத்தபின் அடங்குவது). வில்லுப்பாட்டில் குடத்தில் தட்டினால் சத்தம் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கிவிடுகிறது; அட்டாக் சிறிது, டீக்கே சிறிது, சஸ்டெய்ன் சுழி. கோயில் மணிக்கு அட்டாக் அதே சிறிது, டீக்கேயும் ரிலீஸும் ரொம்ப நீளம். நாகஸ்வரத்தில் மூச்சு இருக்கும்வரை சத்தம் நிற்கிறது. அங்கே சஸ்டெய்ன் உச்சத்தில். கவனியுங்கள், மற்ற மூன்றும் நேரத்தைக் குறிப்பவை, சஸ்டெய்ன் மட்டும் அளவைக் குறிப்பது. எவ்வளவு நேரம் என்று அதைத் திருகித் தேடினால் கிடைக்காது. நான் ஒரு வாரம் அப்படித் தேடியிருக்கிறேன்.

நாலாவது எல்எஃப்ஓ, காதுக்குக் கேட்காத மெதுவான அலை. நீங்கள் கையால் திருகுவதை அது உங்களுக்காக ஆட்டிக்கொண்டிருக்கும்.

முதல் வாரம் கட்ஆஃபை மட்டும் தொடுங்கள் ஐயா, மற்றதெல்லாம் நகரக்கூடாது. இது நம் நாட்டுக்குப் புதுசு என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964இல் தன் முதல் சிந்த் மாதிரியைச் செய்தார். 1969இலேயே அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மூக் சிந்த் வந்து, அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அங்கே அதற்கொரு கூடம் அமைத்துக் கொடுத்துவிட்டார்.

பாட்டு படிக்கிறேன் அண்ணாச்சி. கீபோர்டில் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) வராது என்று டீச்சர் சொல்கிறார்கள். சிந்திலாவது வருமா? (வீரவநல்லூர்)

டீச்சர் சொல்வது கட்டைகளுக்குச் சரி. ஆனால் கட்டைக்கு இடப்பக்கம் ஒரு பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்குமே, அதைப் பார்த்தாயா தங்கச்சி? பெரும்பாலான சிந்துகளில் அது மேலே இரண்டு அரைச்சுருதி, கீழே இரண்டு அரைச்சுருதி (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு உள்ள இடைவெளிதான் ஒரு அரைச்சுருதி) போகும்படி வைத்து வரும். தோடி ராகத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. சாதாரண காந்தாரம் என்கிற சுரத்தை அமுக்கிக்கொள். சக்கரத்தை மேலே முழுக்கத் தள்ளினால் சுத்த மத்திமம், கீழே முழுக்க இழுத்தால் சுத்த ரிஷபம். தோடி காந்தாரம் அசைகிற எல்லை அதுதானே. சுருதிப் பெட்டியை ஐந்தரைக் கட்டையில் போட்டுக்கொண்டு, நீ வாயால் பாடு, இடது கையால் சக்கரத்தை ஆட்டு. முதலில் ஆட்டோ ஹாரன் மாதிரிதான் இருக்கும். காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரத்தைக் கேட்டுவிட்டு மறுபடி ஆட்டிப் பார். நம் பக்கத்து மனிதர், ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். அசைவு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதை அவரிடம் பிடித்துக்கொள்ளலாம்.

மும்பைக்காரர் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் கம்பெனியின் 303, 808, ஜூபிடர் 8 ஆகிய மூன்று மின்னணுக் கருவிகளையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். கேள். அதில் வழுக்கல் உண்டு, நம் அர்த்தத்தில் கமகம் அவ்வளவாக இல்லை. எனக்குப் பிடிக்கும்; உன் டீச்சருக்குப் பிடிக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

தவில் வாசிக்கிறவன் நான். இந்தத் தாள மெஷினில் 16 கட்டம்தான் இருக்கிறது. எல்லாமே ஆதி தாளமாகப் போய்விடுகிறதே? (சங்கரன்கோவில்)

16 கட்டமும் ஓட வேண்டும் என்று சட்டமா? வோல்காவில் 'ஆக்டிவ் ஸ்டெப்' என்று ஒரு வசதி, வேண்டாத கட்டங்களை அணைத்துவிடலாம். 10 கட்டம் மட்டும் ஓடவிட்டால் கண்ட சாப்பு. 14 ஓடவிட்டு, ஒவ்வொரு ஏழையும் மூன்று, இரண்டு, இரண்டாகப் பிரித்து அடித்தால் மிஸ்ர சாப்பு. உங்களுக்கு இதை நான் சொல்வதே அதிகப்பிரசங்கித்தனம்.

இதைச் செய்து பாருங்கள்: டிரம் மெஷின் 16இல் ஓடட்டும், பேஸ் 14இல் ஓடட்டும். இரண்டும் விலகி விலகிப் போய் 112ஆவது கட்டம் முடிந்ததும் ஒரே இடத்தில் வந்து சேரும். கணக்குப் போட்டுத் தீர்மானம் (வாசிப்பை முடிக்கும் கோவை) வைக்கத் தெரிந்தவருக்கு இது விளையாட்டு. இந்தப் பெட்டிகளை வைத்து வெளிநாட்டில் வாசிக்கிறவர்கள் பல பேருக்கு வராத ஒன்று உங்கள் விரலில் ஏற்கெனவே இருக்கிறது.

என் மகளுக்கு 13 வயது. தானே ஒரு சத்தப் பெட்டி செய்ய வேண்டும் என்கிறாள். சால்டரிங் அயர்ன் பிடிக்கலாமா? (தென்காசி)

பிடிக்கலாம் அக்கா, நீங்கள் பக்கத்தில் இருந்தால். ஜன்னல் திறந்திருக்கட்டும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பற்றவைக்கும் ஈயக் கம்பியில் காரீயம் என்கிற நச்சு உலோகம் இருக்கும். 9 வோல்ட் பேட்டரி தாண்டி எதையும் தொடக்கூடாது. பிளக்கில் மாட்டுகிற எதையும் திறக்கவே கூடாது.

டிவி ரிப்பேர் சாமான் விற்கும் கடையில் 40106 என்று ஒரு ஐசி கேளுங்கள், விலை கொஞ்சம்தான். உள்ளே ஆறு இன்வெர்ட்டர்கள் (கரண்ட் போனால் ஓடுவது இல்லை, சிக்னலைத் தலைகீழாக்கும் சின்னச் சுற்றுகள்). 14ஆவது காலில் பேட்டரியின் பிளஸ், 7இல் மைனஸ். 1ஆவது காலுக்கும் 2ஆவது காலுக்கும் நடுவே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1ஆவது காலிலிருந்து மைனஸுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். சும்மா இருக்கும் மற்ற உள்ளீட்டுக் கால்களான 3, 5, 9, 11, 13 எல்லாவற்றையும் மைனஸில் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் தாறுமாறாக நடக்கும். 2ஆவது காலிலிருந்து 10 கிலோ ஓம் வழியாகச் சின்ன ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தால், சுமார் 100 ஹெர்ட்ஸில் 'ர்ர்ர்' என்று ஒரு உறுமல். ஹெட்போனில் நேராக மாட்ட வேண்டாம். அப்புறம் அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு எல்டிஆர் என்கிற வெளிச்ச உணரியைப் போடச் சொல்லுங்கள். கையை மேலே கொண்டுபோய் நிழல் போட்டால் சத்தம் இறங்கும், எடுத்தால் ஏறும். போன ஞாயிறு இதை விட்டு நகராத பிள்ளைகளை அனுப்பி வைக்கத்தான் எனக்கு நேரம் பிடித்தது.

கணியான் கூத்தில் வாசிக்கும் மகுடம் என்கிற தோல் வாத்தியத்தைப் பதிவு செய்து, சாம்ப்ளரில் (பதிந்த சத்தத்தை வாசிக்கும் கருவி) போடலாமா? நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்? (வள்ளியூர்)

மகுடம், கலைஞர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்டதோடு கைச்செலவுக்கும் கொடுங்கள். உச்சம், மந்தம் என்கிற இரண்டு மகுடங்களையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். தீயில் காய்ச்சின உடனே ஒருமுறை, அரைமணி கழித்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தோல் தளர்வது சத்தத்திலேயே தெரியும். இரண்டும் உதவும்.

தூணை விட்டுவிடுங்கள். ஆளாளுக்குத் தட்டினால் கல் என்னத்துக்கு ஆகும்?

இதைக் கற்றால் சினிமாவில் சான்ஸ் கிடைக்குமா?

அதற்காக என்றால் வேண்டாம்.

லேப்டாப்பில் மாட்டினால் 'ங்ங்ங்' என்று இரைச்சல். மெஷின் கெட்டுவிட்டதா? (கல்லிடைக்குறிச்சி)

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் மெஷின்மேல் குற்றமில்லை, எர்த் இரண்டு வழியாகச் சேர்வதால் வரும் கிரவுண்ட் லூப். சிந்தை பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். இல்லையென்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா உண்டு, ஆடியோ வயரின் நடுவே மாட்டலாம்.

அடாப்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 9 வோல்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, நடு முனை பிளஸா மைனஸா என்று பக்கத்தில் உள்ள வட்டப் படத்தைப் பாருங்கள். வோல்காவுக்கு நடுவில் பிளஸ். கிதார் பெடல்களுக்குப் பெரும்பாலும் நடுவில் மைனஸ். ஒரு கொடை இரவில், கீபோர்டுக்காரர் வரும் முன்னால் சரிபார்த்துவிடலாம் என்று அவசரத்தில் கையில் கிடைத்த அடாப்டரை அவருடைய பெடலில் நான்தான் செருகினேன். ஒரு சின்ன 'டிக்', அப்புறம் பழைய பிளாஸ்டிக் எரிந்த வாடை. மூன்று மாதக் கூலியில் கழித்துக் கொடுத்தேன். அந்த அடாப்டரில் இன்றைக்கும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.