மட்டியை (இரட்டை ஓட்டுச் சிப்பியை) ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் ஈயம், கட்மியம் மாதிரி நச்சு உலோகங்கள் எல்லாம் போய்விடுமா?

போகாது. மண் போகும், அவ்வளவுதான்.

வீட்டில் யாரோ ஒரு சட்டி மட்டி கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், நீங்கள் பயத்தில் போனில் தேடுகிறீர்கள், அப்படித்தானே?

எங்கள் வீடு திருகோணமலையில், சீனக்குடாப் பக்கம். அம்மம்மா மட்டியைக் கடல் தண்ணீரிலேயே ஊறப்போட்டு, அதற்குள் ஒரு பழைய கத்தியையும் போட்டு வைப்பா. இரும்பு நஞ்சை இழுக்குமாம். விடிய எழும்பிப் பார்த்தால் சட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் மண் படிந்திருக்கும். "பார், நஞ்செல்லாம் கக்கிப்போட்டுது" என்பா. பத்து வயதில் நம்பினேன். நாற்பது வயதிலும் நம்பினேன், அதுதான் வெட்கம்.

போன வருடம் கனடாவிலிருந்து வந்த அத்தான், மட்டிக் கறியைக் கண்டதும் கோப்பையைத் தள்ளி வைத்தார். "துறைமுகத்துச் சாமான், முழுக்கக் கட்மியம்." "ராத்திரி முழுக்க ஊறின மட்டி அத்தான்!" என்று நான் பாய, அவர் சிரித்தார். அவரை மடக்கத்தான் வாசிக்கத் தொடங்கினேன். பாதி அவர் சொன்னதுதான் சரி.

மட்டி தண்ணீரை இழுத்து வடித்துத் தின்னும் சீவன். குடலில் உள்ள பாக்டீரியாக்கள் சுத்தமான ஓடும் கடல்நீரில் இரண்டு நாள் விட்டால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். கட்மியம் அப்படியல்ல. புரதத்தோடு பிணைந்து உள்ளுறுப்புகளில் தங்கிவிடும், இறங்க மாதக்கணக்காகும். அவித்தாலும் உலோகம் எரிந்து போகாது. புளியும் மஞ்சளும் கறிக்குத்தான்.

ஐரோப்பாவில் இத்தகைய ஓட்டுயிர்களுக்கு வரம்பு கிலோவுக்குக் கட்மியம் 1 மில்லிகிராம், ஈயம் 1.5. கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க வழியில்லை, ஆய்வுகூடம்தான். நம்மால் முடிந்தது, எங்கே பொறுக்கியது என்று கேட்பது, கறுத்த குடல் பகுதியை எடுத்தெறிவது, கிழமைக்கு நாலு நாள் என்று அடிக்கடி தின்னாமல் இருப்பது. நண்டென்றால் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள்-பழுப்புக் கூழில்தான் கட்மியம் சேரும், கால் சதையில் மிகக் குறைவு. அவிக்கும்போது கூழிலிருந்து குழம்புக்கும் இறங்கும் என்பதால் முதலிலேயே வழித்துவிடுங்கள்.

நண்டென்றதும் இதையும் சொல்லவேண்டும். பிடிப்பது நாங்கள், கொழுத்த நண்டெல்லாம் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது, எங்கள் சந்தைக்கு வருவது கால் உடைந்ததும் சதையில்லாததும். அதற்கும் விலை கேட்டால் தலை சுற்றும். சரி, விடுவோம்.

"ஊர் வியாபாரத்தைக் கெடுக்கிறாய்" என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நான் விஞ்ஞானியும் இல்லை, திருகோணமலை மட்டி முழுக்க நஞ்சு என்று சொல்லவும் இல்லை. எங்கள் வீட்டில் இன்னமும் சமைக்கிறோம். படகுக்கு வர்ணம் சுரண்டுகிற கரையில் மட்டும் பொறுக்குவதில்லை.

ஒன்றை மட்டும் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. சித்தப்பா வீச்சுவலைக்கு மணி, அதாவது வலையைத் தண்ணீரில் அமிழ்த்தும் ஈயக் குண்டு, வார்க்கிறவர். பழைய கார் பேட்டரியை உடைத்து, ஈயத்தைத் தாச்சியில் உருக்கி, எங்கள் கிணற்றடியில்தான் ஊற்றுவார். அம்மம்மாவின் மட்டிச் சட்டி ராத்திரி முழுக்க இருந்ததும் அதே கிணற்றடியில்தான், மூடியில்லாமல்.