குழுவாகச் சென்றாலும் வளைவைத் தனியாகத்தான் கடக்க வேண்டும்

கேள்வி: அண்மையில் மோட்டார் சைக்கிள் கிளப் ஒன்றில் சேர்ந்தேன். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் குழுப் பயணத்துக்கு முதல்முறையாக அழைத்திருக்கிறார்கள். வழி முழுவதும் கிராமப்புறத்து வளைவுச் சாலைகள். நேர்ச்சாலையில் எனக்குத் தயக்கமில்லை. வளைவுகளில் மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிவிடுவேனோ என்றுதான் கவலையாக இருக்கிறது. நான் எப்படித் தயாராவது?

பதில்: பின்தங்குவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பின்தங்கக் கூடாது என்ற அவசரம்தான் ஆபத்தானது. முன்னே செல்பவர் வளைவைத் தாண்டிக் கண்ணிலிருந்து மறைகிறார். அவரைப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் ஆக்சிலரேட்டரைத் திருகுகிறீர்கள். அடுத்த வளைவு எதிர்பார்த்ததைவிட இறுக்கமாக இருக்கிறது. பதற்றத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்து, வளைவை விட்டு நேராக எதிர்ப்பாதையை நோக்கியோ சாலையோரத்தை நோக்கியோ போகிறது. குழுப் பயணத்தில் புதியவர்கள் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான்.

வேகம் சிறிது கூடினாலும் வளைவு எவ்வளவு மாறிவிடுகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க, வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து ஏறக்குறைய 14 பாகை சாய்ந்தால் போதும். அதே வளைவில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தால் 30 பாகை அளவுக்குச் சாய வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. சாய்வோ இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. ஆகவே வேகத்தைக் குறைப்பது, கியரை இறக்குவது ஆகிய வேலைகளை, வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே முடித்துவிடுங்கள். டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. சாய்வதற்கு அதில் பெரும்பகுதி செலவாகிவிட்டால் பிரேக் பிடிக்க மிச்சம் இருப்பது சொற்பமே. சரளையோ ஈர இலைகளோ கிடந்தால் அதுவும் இருக்காது.

பார்வையை எங்கே வைப்பது என்பதையும் இப்போதிருந்தே பழகிக்கொள்ளுங்கள். குழுவில் செல்லும்போது முன்னே இருப்பவரின் பின்விளக்கிலேயே கண் நிலைத்துவிடும். அவர் தவறான இடத்துக்குப் போனால் நீங்களும் அங்கேயே போவீர்கள். அவரைத் தாண்டி, சாலையின் இரு ஓரங்களும் ஒன்றுசேர்வதுபோல் தோன்றும் புள்ளியைப் பாருங்கள். அந்தப் புள்ளி உங்களைவிட்டு விலகி ஓடினால் வளைவு விரிகிறது. உங்களை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். அதையும் மீறிச் சற்று வேகமாக நுழைந்துவிட்டதாக உணர்ந்தால், வெளி ஓரத்தைப் பார்க்காமல், போக வேண்டிய பக்கம் தலையைத் திருப்பி, உட்பக்க ஹேண்டில்பாரை மெல்ல முன்னோக்கி அழுத்துங்கள். வண்டி மேலும் சாய்ந்து திரும்பும். நாம் துணியும் அளவைவிட வண்டியால் கூடுதலாகவே சாய முடியும்.

வழிகாட்டிச் செல்பவருக்கு அடுத்த இடத்தை உங்களுக்குத் தருமாறு கேளுங்கள். புதியவர் கடைசியில் வரட்டும் என்று சில குழுக்களில் சொல்வது கரிசனத்தால்தான் என்றாலும் அது தவறான ஏற்பாடு. முன்னே இருப்பவர் வளைவிலிருந்து வெளியேறி வேகம் எடுக்கும் நேரத்தில் பின்னால் இருப்பவர் இன்னும் வளைவுக்குள் நிதானமாக வந்துகொண்டிருப்பார். ஒவ்வொரு வளைவிலும் இப்படி இடைவெளி விழுந்துகொண்டே போவதால், குழுவிலேயே அதிக வேகத்தில் ஓட்ட நேர்வது வரிசையின் கடைசியில் இருப்பவருக்குத்தான்.

கேள்வி: இடைவெளி விட்டு ஓட்டினால், சாலை பிரியும் இடங்களில் வழி தவறிவிடும் என்று எங்கள் குழுவில் அனைவரும் ஒட்டியே செல்கிறோம். இதற்கு மாற்று உண்டா?

பதில்: நல்ல மாற்று உண்டு, பல கிளப்புகள் நெடுங்காலமாகப் பின்பற்றுவதும்கூட. வழிகாட்டி ஒருவர், கடைசியில் வருபவர் ஒருவர் என இருவரை மட்டும் பயணம் முழுவதற்கும் நிலையாக அமர்த்திக்கொள்ளுங்கள். கடைசியில் வருபவர் எளிதில் அடையாளம் தெரியும் பளிச்சென்ற மேலங்கி அணிந்திருப்பார். சாலை பிரியும் இடம் வந்ததும் வழிகாட்டி கையைக் காட்ட, அவருக்கு அடுத்து வருபவர் அங்கே ஓரமாக நின்று, பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் திரும்ப வேண்டிய திசையைக் காட்டுகிறார். பளிச்சென்ற மேலங்கி கண்ணில் பட்ட பிறகே அவர் கிளம்பி, கடைசி ஆளுக்கு முன்னால் சேர்ந்துகொள்கிறார். அடுத்த பிரிவில் அப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார். இந்த முறையில் குழு பல கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்தாலும் யாரும் வழி தவற மாட்டார்கள். யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

இதில் கண்டிப்பு வேண்டிய இடம் ஒன்று உண்டு. நிற்பவர் எவ்வளவு நேரமானாலும் கடைசி ஆள் வராமல் நகரக் கூடாது. நிற்கும் இடமும் வளைவுக்குள் அமையாமல், வருபவர்களுக்குத் தொலைவிலிருந்தே தெரியும்படி, சாலையை விட்டு விலகி இருக்க வேண்டும். இப்படி நிற்கும்போது மற்றவர்கள் முந்திச் செல்வார்களே என்பதால், முதல் பிரிவில் நிற்கும் பொறுப்பைப் புதியவருக்குத் தராமல், வழிகாட்டியின் பின்னால் அவருடைய இடத்தைக் காத்துக்கொடுப்பது நல்லது.

நேர்ச்சாலையில் ஒருவர் பாதையின் இடப்பக்கமும் அடுத்தவர் வலப்பக்கமுமாக மாறி மாறிச் செல்வது வழக்கம். அப்போதும் தமக்கு நேர் முன்னால் அதே பக்கத்தில் இருப்பவருக்கு 2 விநாடி இடைவெளி விட வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 33 மீட்டர். வளைவுகள் தொடங்கியதும் இந்த அமைப்பைக் கலைத்து, ஒற்றை வரிசையாகி, பாதையின் முழு அகலத்தையும் ஒவ்வொருவரும் பயன்படுத்திக்கொள்ளும்படி இடைவெளியைக் கூட்டுங்கள்.

கேள்வி: எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது?

பதில்: வளைவுச் சாலை மனத்தை விரைவில் களைப்படையச் செய்யும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது அதிகம் ஆகாது. பெட்ரோல் நிரப்பும் இடங்களைக் குழுவிலேயே மிகச் சிறிய டேங்க் உள்ள வண்டியைக் கணக்கில் வைத்துத் தீர்மானியுங்கள்.

கேள்வி: எங்கள் பயணங்களை நான் ஏற்பாடு செய்கிறேன். அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் வளைவுகளில் மையக்கோட்டை உரசியபடி செல்கிறார். கேட்டால், சக்கரம் கோட்டைத் தாண்டவில்லையே என்கிறார். என்ன சொல்வது?

பதில்: சக்கரம் கோட்டுக்குள் இருக்கலாம், தலை எங்கே இருந்தது என்று கேளுங்கள். மையக்கோட்டின் பக்கமாகத் திரும்பும் வளைவில் வண்டி சாயும்போது, டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து ஓட்டுபவரின் தலை அரை மீட்டருக்கு மேல் உள்பக்கமாக நீண்டிருக்கும். கோட்டை ஒட்டிச் சக்கரத்தை வைத்தால் தோளும் ஹெல்மெட்டும் எதிர்ப்பாதையில்தான் இருக்கின்றன. எதிரே வரும் லாரி ஓட்டுநர் தம் பாதையில் சரியாகவே வந்தாலும் மோதல் நேர்ந்துவிடும். அந்த உறுப்பினருக்குப் பின்னால் வரும் புதியவர்கள் அவருடைய தடத்தையே பின்பற்றுவார்கள் என்பது எனக்கு இன்னும் பெரிய கவலை.

அடுத்த நிறுத்தத்தில் அவரைத் தனியாக அழைத்து இதைச் சொல்லுங்கள். மற்றவர்கள் முன்னிலையில் சொன்னால் அவர் தம் தரப்பை நிலைநாட்டுவதில்தான் முனைவார். வரைந்து காட்டினால் உடனே புரிந்துகொள்வார். அதன் பிறகும் அதே நாளில் மீண்டும் செய்தால், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், அடுத்த பயணத்துக்கு அவரை அழைக்காதீர்கள்.