சாவி யார் இடுப்பில்?

(முப்பத்தோர் ஆண்டுகள் மலையில் வனவராக வேலை பார்த்துவிட்டு இப்போது கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறேன். காடும் ஊரும் பற்றி வந்த கடிதங்கள் மட்டும் இந்த இதழில்.)

கேள்வி: காட்டை ஊர்மக்கள் கையில் கொடுத்தால் ஒரே வருடத்தில் மொட்டையடித்துவிட மாட்டார்களா?
கல்லூரி மாணவி, தருமபுரி

பதில்: பயிற்சிக் காலத்தில் இதே கேள்வியை நானும் கேட்டேன் அம்மா. ஆசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பதில் சொன்னதாக நினைவில்லை.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்று ஒரு கோண்டு பழங்குடி ஊர் இருக்கிறது. நூறு வீடுகள் அளவுக்குத்தான். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி 2009-இல் அந்தக் கிராம சபைக்குச் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை கிடைத்தது. நாட்டிலேயே முதலில் வாங்கிய ஊர்களில் ஒன்று. ஆனால் உரிமைப் பத்திரம் வந்ததே தவிர, மூங்கில் வரவில்லை. 1927-ஆம் ஆண்டு வனச் சட்டம் மூங்கிலை மரம் என்றது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சிறுவன மகசூல், அதாவது மரமல்லாத காட்டு விளைபொருள், என்றது. மரம் என்றால் வனத்துறைக்குச் சொந்தம், மகசூல் என்றால் மக்களுக்குச் சொந்தம். புல் இனத்தில் பிறந்த ஒரு செடி இரண்டு சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது.

இதில் முடிச்சு எங்கே இருந்தது என்றால், பர்மிட் புத்தகத்தில். வெட்டிய கழியை லாரியில் ஏற்றி ஊர் எல்லையைத் தாண்ட வேண்டுமானால் போக்குவரத்து அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தப் புத்தகம் துறையிடம் இருந்தது. 2011 ஏப்ரல் 27 அன்று அப்போதைய ஒன்றிய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஊருக்கே வந்து அதைக் கிராம சபையிடம் கொடுத்தார். செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதே மாதிரிப் புத்தகத்தை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு திரிந்தவன் நான். கார்பன் தாள் வைத்து எழுதுகிற சாதாரணப் புத்தகம்தான். ஒரு மூட்டை கடுக்காய்க்காக என் மேஜை முன்னால் காலையிலிருந்து மாலை வரை குந்தியிருந்தவர்களை எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு நான் தூங்கியிருக்கிறேன்.

சரி, மொட்டையடித்தார்களா? இல்லை. மேண்டாவின் மூங்கில் விற்பனை கோடி ரூபாயைத் தாண்டியது, காடும் நிற்கிறது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மூங்கில் வெட்டுகிற விதத்தைப் பார்த்தாலே விளங்கும். ஒரு குத்தில், அதாவது ஒரு மூங்கில் புதரில், இந்த மழைக்கு வந்த முளையைத் தொடக்கூடாது, போன வருடத்துக் கழியையும் தொடக்கூடாது. மூன்று வயது தாண்டியதைத்தான் எடுக்க வேண்டும். தரையை ஒட்டி, ஒரு கணுவுக்குச் சற்று மேலே, தண்ணீர் தேங்காதபடி வெட்ட வேண்டும். முற்றிய கழி எப்போதும் குத்தின் நடுவில் இருக்கும். அதை எடுக்க முள்ளையும் பக்கக் கிளையையும் விலக்கிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும், கை கிழியும். குத்தகைக்காரரின் கூலியாளுக்குக் கழி எண்ணிக்கைக்குத்தான் காசு. அவர் வெளி வட்டத்தில் கைக்கு எட்டுகிற இளங்கழியை வெட்டிக் கட்டிவிட்டுப் போய்விடுவார். நடுப்பகுதி நெருக்கியடித்துப் பின்னிக்கொண்டு குத்தே மூச்சுமுட்டிச் சாகும். அடுத்த வருடம் அவருக்கு வேறு காடு. ஊர்க்காரருக்கு அதே குத்துதான், அவர் பேரனுக்கும் அதே குத்துதான். கை கிழிந்தாலும் உள்ளே நுழைவார்.

எல்லா ஊரும் மேண்டா ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு விழிக்கிற ஊரும் இருக்கும்.

கேள்வி: வனத்துறையில் சம்பளம் வாங்கிவிட்டு, பென்ஷனும் வாங்கிக்கொண்டு, இப்படி எழுதுவது நியாயமா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பென்ஷன் மாதம் முதல் தேதியே வந்துவிடுகிறது. குறையொன்றும் இல்லை.

கேள்வி: நம் மாநிலத்திலும் கிராம வனக் குழு என்று ஊருக்கு ஊர் போர்டு வைத்தார்களே. அது என்ன ஆயிற்று?
ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர்

பதில்: இதற்கு மூலம் மேற்கு வங்கத்தில் இருக்கிறது ஐயா. அன்றைய மேதினிபூர் மாவட்டம் அரபாரியில் 1972-இல் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி, அழிந்துபோன 1,272 ஹெக்டேர் சால் மரக் காட்டைச் சுற்றியிருந்த 11 ஊர்களின் 618 குடும்பங்களோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். நீங்கள் காவல் காருங்கள், விளைச்சலில் நான்கில் ஒரு பங்கு உங்களுக்கு என்றார். வெட்டுப்பட்ட அடிக்கட்டைகள் துளிர்த்துக் காடு திரும்பியது. அதைப் பார்த்துத்தான் 1990 ஜூன் 1 அன்று ஒன்றிய அரசு கூட்டு வன மேலாண்மைச் சுற்றறிக்கையை அனுப்பியது. நம் பக்கம் 1997-இல் ஜப்பான் கடனுதவியில் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. குழுவுக்குத் தலைவர் ஊர்க்காரர், செயலாளர் வனவர்.

செயலாளர் நான். எந்த மாவட்டம், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், பிழை என்னுடையது. நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஓடையில் கட்டிய தடுப்பணைகளால் கீழே இருந்த கிணறுகளில் சித்திரை வரை தண்ணீர் நின்றது. ஆனால் கூட்டத் தீர்மானப் புத்தகத்தை எழுதியது முதல் நாள் இரவு, என் குவார்ட்டர்ஸில், அரிக்கேன் விளக்கில். "உறுப்பினர்கள் ஒருமனதாக" என்று தொடங்குவேன். மறுநாள் பள்ளிக்கூடத் திண்ணையில் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு மைப்பெட்டியை நகர்த்துவேன். வரிசையாக வந்து கைநாட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள்.

ஒருநாள் ஒரு கிழவி மையில் பெருவிரலை ஒற்றி எடுத்தவர், தாளுக்கு மேலே விரலை நிறுத்திக்கொண்டு, "இதில் என்ன எழுதியிருக்கிறது சாமி?" என்றார். வாசித்தேன். இன்ன இன நாற்று நடுவதென்று ஊரார் கேட்டுக்கொண்டதாக இருந்தது. ஊரார் கேட்டது புளியும் கடுக்காயும். நாற்றங்காலில் இருப்பு இருந்தது வேறு. "நாங்கள் எப்போது கேட்டோம்?" என்றார். ஆடிட் வருகிறது, வை ஆத்தா என்றேன். அவர் வைக்கவில்லை, திட்டவும் இல்லை. விரலில் மை காயும் வரை நின்றுவிட்டு, திண்ணைத் தூணில் தேய்த்துவிட்டுப் போனார். அந்த ஊதாக் கறை நான் மாற்றலாகிப் போகும்வரை தூணில் இருந்தது. வெள்ளையடித்தபோதுகூட லேசாகத் தெரிந்தது.

அவர் கைநாட்டு இல்லாமலேயே தீர்மானம் நிறைவேறியது. நாற்றுகளில் பாதிக்கு மேல் ஆடு தின்றது. திட்டக் காசு நின்றதும் குழுவும் நின்றது. போர்டை யாரோ கழற்றிக் கோழிக்கூண்டுக்குக் கதவாக்கிக்கொண்டார்கள்.

கேள்வி: ஓட்டெடுப்பு இல்லாமல், எல்லாரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு என்பது நடக்கிற காரியமா? எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவவே மூன்று கோஷ்டி.
வாசகி, சென்னை

பதில்: மேண்டாவில் அப்படித்தான் நடக்கிறது. கிராம சபையில் பெரும்பான்மை என்பதே கிடையாது. ஒருவர் மறுத்தால் பேச்சு அடுத்த கூட்டத்துக்குப் போகும். அதற்கு முன்னால் படிப்பு வட்டம் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே வெளியாட்களும் வந்து பேசலாம், சட்டம் சொல்லலாம், வாதாடலாம். முடிவெடுப்பது அங்கே அல்ல. முடிவு கிராம சபையில், ஊராரால் மட்டும். தேவாஜி தோஃபா என்ற அந்த ஊர்க்காரரும், வெளியிலிருந்து வந்து கூடவே நின்ற மோகன் ஹிராபாய் ஹிராலாலும் வருடக்கணக்கில் வளர்த்த பழக்கம் இது. "தில்லியிலும் மும்பையிலும் எங்கள் சர்க்கார், எங்கள் ஊரில் நாங்களே சர்க்கார்" என்பது அவர்கள் முழக்கம்.

நானும் ஒருமுறை பார்த்திருக்கிறேன், நம் மலையில், துறைக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்கூட்டத்தில். துளிர்விட்ட ஒரு சரிவில் இரண்டு வருடம் ஆடு விடுவதில்லை என்று பேச்சு. ஒருவருக்கு நாற்பது ஆடு, முடியாது என்றார். கூட்டம் கலைந்தது. மறுபடி கூடினார்கள், கலைந்தது. மூன்றாவது முறை ஊர்க்கவுண்டர் கேட்டது ஒரே கேள்வி: "உனக்கு எந்த மாதம் கஷ்டம்?" ஐப்பசி, கார்த்திகை என்றார் அவர். மழையில் தூரம் ஓட்டிப்போக முடியாதாம். அந்த இரண்டு மாதமும் ஓடையோரத்து நிலம் அவருக்கு என்று முடிந்தது. நானாக இருந்தால் வழக்குப் போட்டு அபராதம் கட்ட வைத்திருப்பேன். ஆடு இரவில் மேய்ந்திருக்கும்.

உங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு என்னிடம் யோசனை இல்லை அம்மா.

கேள்வி: காட்டுத் தீ வைப்பதே மலைவாசிகள்தானே?
வாசகர், தேனி

பதில்: சில நேரம் ஆமாம். புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ப்பவர் வைப்பதுண்டு. பீடி இலை எடுக்கிற வட்டாரங்களில் கொழுந்து நன்றாக வரவேண்டும் என்று கிளையை வெட்டித் தீயும் வைப்பார்கள். சந்திரபூர் மாவட்டத்தில் பாச்காவ் என்ற ஊருக்கு 2012-இல் 1,006 ஹெக்டேர் காட்டுரிமை கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, வருமானம் தருகிற பீடி இலை வேலையையே விட்டுவிட்டார்கள். தீ வேண்டாம், கிளையை வெட்டவும் வேண்டாம், அந்த மரத்துப் பழம் பறவைக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும், மூங்கில் போதும் என்றார்கள். எந்த ரேஞ்சரும் இப்படி ஓர் உத்தரவு போட்டிருக்க முடியாது. போட்டிருந்தால் அன்று இரவே இன்னொரு சரிவு எரிந்திருக்கும்.

கோபத்திலும் வைப்பார்கள். குமாவோன் மலைகளில் வெள்ளைக்காரன் காட்டைக் காப்புக்காடாக்கிப் பூட்டியபோது, 1921-இல் மலைக்கு மலை எரிந்தது. விசாரணைக் குழு போட்டு, கடைசியில் 1931-இல் வனப் பஞ்சாயத்து விதிகளைக் கொண்டுவந்து ஊர்களிடம் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். உத்தராகண்டில் அந்தப் பஞ்சாயத்துகள் இன்றும் இருக்கின்றன.

கேள்வி: நாங்கள் மலையாளிப் பழங்குடியினர். எங்கள் காட்டுக்குச் சமூக உரிமை கேட்க என்ன செய்ய வேண்டும்? கேட்டால் இங்கே அதெல்லாம் இல்லை என்கிறார்கள்.
வாசகர், ஜவ்வாது மலை

பதில்: இருக்கிறது தம்பி. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்குவது நின்றுபோயிருந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. இன்னமும் பழைய கதையைச் சொல்பவர்களிடம் தேதியைச் சொல்லுங்கள்.

உங்கள் குடியிருப்பிலேயே கிராம சபை கூட்டுங்கள். பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினரும் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் அதில் இருக்க வேண்டும். தனிப்பட்ட நிலத்துக்கு 'ஏ' படிவம், விறகு, மேய்ச்சல், மகசூல் போன்ற சமூக உரிமைக்கு 'பி', காட்டையே பாதுகாத்து நிர்வகிக்கிற உரிமைக்கு 'சி'. பல ஊர்கள் 'ஏ'யோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் 'சி'யை மறக்காதீர்கள். கிராம சபை தீர்மானித்த பிறகு கோட்ட அளவிலான குழு, அப்புறம் மாவட்டக் குழு. பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வைத்தால் அதுவும் சான்றுதான். தீர்மானத்தை நீங்களே எழுதுங்கள். வெளியிலிருந்து யாராவது எழுதிக்கொண்டு வந்தால் முழுக்க வாசிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு மையைத் தொடுங்கள்.

எல்லை வரைபடத்துக்கு ஊரிலேயே மூத்த இரண்டு பேரை, ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போங்கள். பாறைக்கும் சுனைக்கும் அவர்கள் சொல்கிற பெயர்களை அப்படியே எழுதுங்கள். தேன் பாறை, செத்த மாட்டுப் பள்ளம் என்று வரும். என் காவல் பகுதியின் (பீட்) வரைபடத்தில் அவை வெறும் எண்கள்.

கேள்வி: மேண்டா லேகாவுக்குப் போய்ப் பார்க்க வழி சொல்ல முடியுமா?
வாசகர், திருச்சி

பதில்: சென்னையிலிருந்து தில்லி போகிற ரயிலில் பல்லார்ஷாவில் இறங்குங்கள். சந்திரபூர் வழியாகக் கட்சிரோலி, அங்கிருந்து தனோரா பஸ். மே மாதத்தில் போகாதீர்கள், அந்த வெயில் நமக்கு ஆகாது. முன்கூட்டியே கிராம சபையிடம் கேட்டுக்கொண்டு போவது மரியாதை. மூங்கில் குத்துகளைப் பார்த்தால் நடுவில் குனிந்து பாருங்கள், எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று.